"சண்டை வந்தால், கடவுள் காக்க": 1294-ல் மகனுக்கு நிலம் எழுதிக்கொடுத்த குடியானவர்

சுவடிவாசகன்:
வணக்கம். இடைக்கால ஐரோப்பா என்றால் கோட்டையும் குதிரையும் அரசர்களும்தான் நம் ஞாபகத்துக்கு வரும். உழுது பிழைத்தவர்கள் வீட்டுக்குள் எப்படி இருந்தார்கள் என்று கொஞ்ச நாளாகத் தேடி வாசிக்கிறேன். அவர்கள் கடிதம் எழுதவில்லை, பெரும்பாலோருக்கு எழுத்தே தெரியாது. ஆனால் இங்கிலாந்தில் ஒரு வசதி இருந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும், அதாவது மேனருக்கும், சொந்தமாக ஒரு நீதிமன்றம். பல ஊர்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூடும். நிலம் கைமாறினால் பிரபுவுக்குக் காசு, மகளுக்குக் கல்யாணம் என்றால் காசு, மாடு அடுத்தவன் பயிரில் வாய் வைத்தால் அதற்கும் காசு. காசு என்று வந்துவிட்டால் கணக்கு எழுதித்தானே ஆக வேண்டும்? எழுத்தர் உட்கார்ந்து தோல் சுருளில் லத்தீனில் எழுதினார். அந்தச் சுருள்களில் நிறைய இன்றும் இருக்கின்றன.

அதில் ஒன்று பெட்ஃபோர்டுஷயரில் கிரான்ஃபீல்டு என்ற ஊர். ராம்சி மடத்துக்குச் சொந்தமான பண்ணை. 1294-ல் எலியாஸ் என்ற குடியானவர் தன் வீட்டையும் அரை விர்கேட் நிலத்தையும் மகன் ஜானுக்கு விட்டுக்கொடுக்கிறார். விர்கேட் ஊருக்கு ஊர் மாறும், பொதுவாக 30 ஏக்கர் என்பார்கள். பதிலுக்கு, எலியாஸும் மனைவி கிறிஸ்டீனும் உயிரோடு இருக்கும்வரை ஜான் அவர்களுக்குத் தகுந்த உணவும் பானமும் தர வேண்டும், அவர்கள் அதே வீட்டில் ஜானோடு இருப்பார்கள். இதுவரை சாதாரண விஷயம். அடுத்த வரிதான் என்னை நிறுத்தியது. அவர்களுக்குள் சண்டை சச்சரவு வந்து (கடவுள் காக்க) ஒரே வீட்டில் ஒத்துப்போக முடியாமல் போனால், ஜான் பெற்றோருக்குத் தோட்டத்தோடு ஒரு தனி வீடு தர வேண்டும். அதோடு வருஷா வருஷம் மிக்கேல் திருநாளன்று, அதாவது செப்டம்பர் 29 அன்று, தானியம் அளக்க வேண்டும். கோதுமை 3 குவார்ட்டர், பார்லி ஒன்றரை, பட்டாணியும் அவரையும் சேர்த்து ஒன்றரை. குவார்ட்டர் என்பது 8 புஷல் கொண்ட பழைய முகத்தல் அளவு. கோதுமை என்றால் 200 கிலோவுக்கு மேல் வரும்.

700 வருஷத்துக்கு முன்னால் ஒரு அப்பா, மகன் பக்கத்தில் நிற்க, ஊர் கேட்க, "நமக்குள் சண்டை வந்தால்" என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். "கடவுள் காக்க" என்ற அந்த இரண்டு சொல்லை லத்தீன் எழுத்தர் விடாமல் எழுதி வைத்திருக்கிறார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

பனங்காட்டான்:
படிக்கவே மனசு கனக்கிறது. பெற்ற அப்பா அம்மாவுக்குச் சோறு போட ஒப்பந்தமா? எத்தனை மரக்கால் என்று அளந்து எழுதி வாங்குகிற நிலைமையில் அந்தக் குடும்பம் இருந்திருக்கிறது என்றால், அங்கே பாசம் என்ற ஒன்று எங்கே இருந்தது? நம் ஊரிலும் பிள்ளைகள் கைவிடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிலத்தைக் கொடுக்கும்போதே சண்டையை நினைத்துப் பேச நமக்கு நாக்கு வராது.

மலர்விழி:
//நிலத்தைக் கொடுக்கும்போதே சண்டையை நினைத்துப் பேச நமக்கு நாக்கு வராது//

நாக்கு வராததால்தானே அண்ணா இவ்வளவு பேர் நடுத்தெருவில் நிற்கிறார்கள்? எங்கள் வீட்டில் இப்போது இதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா பெயரில் இருக்கும் வீட்டையும் 70 சென்ட் நிலத்தையும் தம்பிக்கு செட்டில்மெண்ட் எழுதப் போகிறோம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. தம்பி நல்லவன். ஆனால் "அம்மாவுக்கு என்று ஒரு வரி எழுதலாமா" என்று நான் கேட்டதும் வீடே அமைதியாகிவிட்டது. சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

சுவடி அண்ணா, எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அப்பா இறந்து அம்மா மட்டும் இருந்தால் அந்த ஊரில் என்ன நடக்கும்?

சுவடிவாசகன்:
மலர், நீங்கள் கேட்டதற்கு நேராகவே ஒரு பதிவு இருக்கிறது.

முதலில் பொது நிலைமை. கணவன் இறந்தால் விதவைக்கு அவன் நிலத்தில் பங்கு உண்டு. சில ஊரில் மூன்றில் ஒன்று, சில ஊரில் பாதி, சில ஊரில் முழு நிலமும் அவள் ஆயுள்வரை. மறுமணம் செய்தால் போய்விடும் என்பது பல ஊர்களின் வழக்கம். கணவன் இறந்த உடனே வீட்டின் சிறந்த கால்நடையைப் பிரபு எடுத்துக்கொள்வார். துக்க வீட்டிலிருந்து உழவு மாட்டை ஓட்டிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது பதிவு. பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஹேல்ஸோவன். அதுவும் மடத்து நிலம்தான். 1281-ல் ஆக்னஸ் பேர்டு என்ற விதவை தன் நிலத்தை மகன் தாமஸிடம் கொடுக்கிறார். மகன் தர வேண்டியவை: மிக்கேல் திருநாளில் கோதுமை ஒரு குவார்ட்டர், ஓட்ஸ் ஒரு குவார்ட்டர், பட்டாணி ஒரு புஷல். கிறிஸ்துமஸுக்கு முன் மறுபடியும் தானியம். பிறகு ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில். கோடையின் தொடக்கத்தில் பெந்தகோஸ்தே நாளன்று 5 ஷில்லிங் பணம். ஐந்து வண்டி நிலக்கரி. அப்புறம் ஒரு வீடு. சுவருக்கு உள்ளே 30 அடி நீளம், 14 அடி அகலம், மூன்று புதிய கதவு, இரண்டு ஜன்னல்.

அந்தப் "புதிய" என்ற சொல்லைப் பாருங்கள். பழைய கதவைக் கழற்றி மாட்டிவிட்டுக் கணக்கு காட்டக்கூடாது என்று அந்த அம்மா யோசித்திருக்கிறார். தவணைகளையும் பாருங்கள். அறுவடை முடிந்து களம் நிறைந்திருக்கும்போது எல்லாரும் தருவார்கள். நோன்புக் காலம் அப்படி இல்லை. குளிர்காலம் முழுக்கத் தின்று தீர்த்து, புது விளைச்சலுக்கு இன்னும் மாதங்கள் இருக்கிற நேரம். பஞ்சம் எந்த மாதத்தில் எட்டிப்பார்க்கும் என்று காலமெல்லாம் ஒரு அடுப்பைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்குத் தெரியாதா? இது வக்கீல் மூளையில் உதித்த நிபந்தனை என்று எனக்குத் தோன்றவில்லை. சமையல்கட்டிலிருந்து வந்தது.

பனங்காட்டான் அண்ணன் பாசம் எங்கே என்று கேட்டார். எனக்கு இந்தப் பட்டியலைப் படிக்கும்போது பாசம் இல்லை என்று தோன்றவில்லை. ஒரு வயதான உடம்புக்கு வருஷத்தில் எப்போது குளிரும், எப்போது பசிக்கும் என்று உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

வழக்காடி:
தொழில் முறையில் செட்டில்மெண்ட் வழக்குகளைப் பார்க்கிறவன் என்பதால் ஒரு கேள்வி. எழுதுவது பெரிதில்லை. மகன் தரவில்லை என்றால் யார் கேட்பது? அந்தக் காலத்தில் இதற்கு அமலாக்கம் இருந்ததா?

சுவடிவாசகன்:
இருந்தது ஐயா. அதுதான் இந்த விஷயத்தின் முதுகெலும்பு.

இவர்களில் பெரும்பாலோர் வில்லீன்கள், பண்ணைக்குக் கட்டுப்பட்ட குடிகள். (நம் சினிமாவில் சொல்கிற 'வில்லன்' இதே சொல்லின் கிளைதான். பண்ணையாள் என்ற பொருள் மெல்ல மெல்லக் கெட்டவன் என்று ஆகிவிட்டது. உழைத்தவன் பெயருக்கு நேர்ந்த அநியாயம் அது.) சட்டப்படி நிலம் பிரபுவுடையது. அதனால் அப்பா நேராக மகனுக்குக் கொடுக்க முடியாது. நீதிமன்றத்தில் எல்லார் முன்னாலும் பிரபுவின் காரியஸ்தர் கையில் திருப்பிக் கொடுப்பார், காரியஸ்தர் அதை மகனுக்குக் கொடுப்பார். பல ஊர்களில் இதற்கு ஒரு கோல் உண்டு. கோலின் ஒரு முனையை அப்பா பிடித்துக் காரியஸ்தரிடம் தருவார், அவர் அதையே மகனிடம் நீட்டுவார். மகன் அதைப் பிடிக்கும்போது நிபந்தனையும் சேர்ந்து கைக்கு வந்துவிடும்.

சுற்றி நிற்பவர்கள் யார்? பக்கத்து வயல்காரர்கள். அவர்களில் இருந்துதான் ஜூரிகள். மகன் தானியம் தராவிட்டால் அம்மா அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லலாம். ஜூரிகள் விசாரிப்பார்கள், அபராதம் விழும். மீண்டும் மீண்டும் தவறினால் நிலமே பெற்றோர் கைக்குத் திரும்பும். பிரபுவுக்கும் இதில் அக்கறை உண்டு, கருணையால் மட்டும் இல்லை. தள்ளாத கிழவர் கையில் நிலம் கிடந்தால் வாடகையும் வராது, பண்ணை வேலைக்கு ஆளும் வராது. இளைய கைக்கு நிலம் போக வேண்டும், அதனால் கிழவர்கள் பட்டினி கிடந்து ஊருக்குப் பாரமாகவும் கூடாது.

வழக்காடி:
நன்றி. நம் 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் நிற்கிறது. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பிள்ளை கவனிக்கவில்லை என்றால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் மனு கொடுப்பார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பத்திரத்தில் அந்த நிபந்தனை இருக்காது. "அன்பின் காரணமாகவும் பாசத்தின் காரணமாகவும்" என்று எழுதி முடித்திருப்பார்கள். 2022-ல் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததென்று காட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, முதியவர்களுக்குச் சாதகமாகச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. எப்படி இருந்தாலும் ஒரு வரி எழுதியிருந்தால் கோர்ட்டுப் படி ஏறுவது பாதி குறையும். மலர்விழி அம்மா, உங்கள் கேள்வி சரியான கேள்வி.

நல்லூரான்:
எங்கட பக்கம் யாழ்ப்பாணத்தில் நன்கொடை உறுதி, அதாவது பத்திரம், எழுதும்போது தாய் தகப்பனுக்கு "சீவிய உரித்து" வைத்து எழுதுவது வழமை. அவர்கள் இருக்கும்வரை வீட்டில் இருக்கவும் காணியின் பலனை எடுக்கவும் உரிமை. அதை வைத்ததற்காக ஆரும் கோபித்ததாக நான் அறியேன். மகளுக்குச் சீதனம் கொடுக்கும்போதும் அப்படித்தான். வழமையாகிவிட்டால் அது ஒருவரையும் புண்படுத்தாது.

பனங்காட்டான்:
நல்லூரான் அண்ணன் சொன்னது எனக்கு உறைக்கிறது. என் பாட்டிக்குச் சீவிய உரித்து என்று ஒன்று இருந்திருந்தால்... விரிவாகச் சொல்ல மனம் வரவில்லை. கடைசி நான்கு வருஷம் மூன்று வீட்டில் மாறி மாறிச் சாப்பிட்டார். மாசக் கடைசி நாளில் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் காத்திருப்பார். 31-ஆம் தேதி இருக்கும் மாசம் எந்த வீட்டில் என்று ஒருமுறை பேச்சு வந்தது. நான் அப்போது சின்னப் பையன், பக்கத்தில் இருந்தேன்.

சரி, நான் முன்னால் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம். கூட்டுக் குடும்பமாக இருந்தால் இதெல்லாம் தேவைப்பட்டிருக்காதே?

சுவடிவாசகன்:
அண்ணா, நீங்கள் சொன்ன 31-ஆம் தேதி என்னால் மறக்க முடியாது.

கூட்டுக் குடும்பம் பற்றி: இங்கிலாந்துக் கிராமங்களில் ஒரு வீட்டில் சராசரியாக ஐந்து பேர் போல. மூன்று தலைமுறை ஒரே கூரையில் இருப்பது பொதுவான வழக்கம் இல்லை. கல்யாணம் என்றால் தனி அடுப்பு. நிலம் கைக்கு வராமல் தனி அடுப்பு வைக்க முடியாது. அதனால் அப்பா நிலத்தை விடும்வரை மூத்தவன் கல்யாணத்துக்குக் காத்திருப்பது நடந்திருக்கிறது. சில ஊரில் கடைசி மகனுக்குத்தான் நிலம். கென்ட் போன்ற பகுதிகளில் மகன்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆக, நிலம் கைமாறுவதும் மருமகள் வருவதும் பல வீடுகளில் ஒட்டியே நடந்தன.

எசெக்ஸில் டன்மோ ஊரில் 14-ஆம் நூற்றாண்டு ஒப்பந்தம் ஒன்று. பெட்ரோனில்லா என்ற பெண் தன் நிலத்தை மகனுக்குக் கொடுக்கிறார். சாப்பாடு உண்டு. தவிர வீட்டின் கிழக்குக் கோடியில் ஓர் அறை அவருக்கு. ஒரு பசு, நான்கு செம்மறி, ஒரு பன்றி. குளிர்காலத்திலும் கோடையிலும் அந்த நிலத்திலேயே அவை மேயலாம். துணிமணியும் காலணியும் இந்த மாதிரி ஒப்பந்தங்களில் வரும். அந்தப் பசுவை நான் ரொம்ப நேரம் யோசித்தேன். சாப்பாடுதான் மகன் தருகிறானே, பசு எதற்கு? தன் கையால் பால் கறந்து, வெண்ணெய் எடுத்து, பேரனுக்குத் தன் கையால் கொடுக்க ஏதாவது வேண்டும் இல்லையா.

களத்துமேடு:
இழையை முழுதும் வாசித்தேன். அருமையான தகவல்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இது எல்லாமே நிலம் இருந்தவர்களின் கதை. அரை விர்கேட் வைத்திருந்தவர் அந்த ஊரில் நடுத்தரக் குடும்பம். ஒரு குடிசையும் இரண்டு மூன்று ஏக்கரும் மட்டும் இருந்தவர்கள், அதுவும் இல்லாமல் கூலிக்குப் போனவர்கள், இவர்கள் எதைக் கொடுத்து ஒப்பந்தம் போடுவார்கள்? 1315 முதல் 1317 வரை மழை விடாமல் பெய்து பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்ததே, அப்போது சிறு துண்டு நிலத்தையும் தானியத்துக்காக விற்றவர்கள் நிறைய. அவர்களின் பெற்றோருக்குச் சுருளில் வரி கிடையாது. விவசாயக் கூலிக் குடும்பத்திலிருந்து வந்தவன் நான். எங்கள் தாத்தா பாட்டி பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. அதனால் இந்தச் சுருள்களில் இல்லாதவர்களைத்தான் என் கண் தேடுகிறது.

சுவடிவாசகன்:
முழுதும் ஒப்புக்கொள்கிறேன். நான் தொடங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நிலமற்றவர்கள் இந்தச் சுருளில் வரும்போது பெரும்பாலும் குற்றத்தோடுதான் வருகிறார்கள். அனுமதியில்லாமல் கதிர் பொறுக்கினார், வேலியிலிருந்து விறகு எடுத்தார், அபராதம் இவ்வளவு. கதிர் பொறுக்குவது வயதானவர்களும் இயலாதவர்களும் பிழைக்க இருந்த வழி. உடம்பில் வலு இருப்பவர்கள் கூலி அறுப்புக்குத்தான் போக வேண்டும், பொறுக்கக்கூடாது என்று பல ஊர்களில் விதி வைத்திருந்தார்கள்.

ஒரு திருப்பமும் உண்டு. 1348, 49-ல் கொள்ளைநோய் வந்தது. ஹேல்ஸோவனில் மட்டும் வயதுவந்த ஆண்களில் 40 சதவீதத்துக்கு மேல் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நிலம் கிடக்கிறது, ஆள் இல்லை. இருக்கும் இளைஞர்கள் நல்ல நிலம் தேடி வேறு ஊருக்குப் போகிறார்கள். அதன் பிறகு வரும் ஒப்பந்தங்களில் உறவே இல்லாதவர்களோடு செய்துகொண்டவை கூடுகின்றன. பெற்ற பிள்ளை இல்லாத கிழவர், நிலம் தேடி வந்த அந்நியனிடம் அதே நிபந்தனைகளோடு கொடுக்கிறார். அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் இடம், இத்தனை புஷல் தானியம்.

செவ்வந்தி_செவிலி:
முதியவர்களைப் பற்றியே பேசுகிறோம், குழந்தைகள்? பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். அந்தக் காலத்தில் நிறையக் குழந்தைகள் சாகும் என்பதால் பெற்றோர் ஒட்டுதல் இல்லாமல் இருந்தார்கள் என்று எங்கோ படித்தேன். என்னால் நம்ப முடியவில்லை.

சுவடிவாசகன்:
நம்பாதீர்கள் அக்கா. இடைக்காலத்தில் குழந்தைப்பருவம் என்ற எண்ணமே இல்லை என்று 1960-ல் பிலிப் ஆரியேஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாளர் எழுதினார். பிறகு வந்த பலர் அதை மறுத்துவிட்டார்கள்.

யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்று கைவிடப்பட்ட ஒரு கிராமம். 40 வருஷம் கோடைதோறும் தோண்டினார்கள். கல்லறை முற்றத்தில் கிட்டத்தட்ட 700 எலும்புக்கூடுகள். குழந்தைகளின் எலும்பில் நைட்ரஜனைச் சோதித்தால் எதுவரை தாய்ப்பால் குடித்தது என்று தெரியும். அங்கே ஒன்றரை, இரண்டு வயதுவரை குடித்திருக்கிறார்கள். வயலுக்கும் போய், தினசரி குடிக்கும் ஏல் என்ற லேசான தானிய மதுவும் வீட்டில் காய்ச்சி, அவ்வளவு காலம் பால் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், சந்தேக மரணங்களை விசாரித்த அதிகாரிகளின் பதிவுகள். தொட்டிலில் தூங்கும் பிள்ளை, வீட்டு நடுவில் மூட்டிய அடுப்பிலிருந்து பொறி பறந்து தொட்டில் வைக்கோல் பற்றியது. தவழும் பிள்ளை, வீட்டு வாசலில் இருந்த குழியில் விழுந்தது. அறுவடைக் காலத்தில், எல்லாரும் வயலில் இருக்கும்போது, சின்ன அக்காவிடம் விட்டுப்போன பிள்ளை. இவற்றைப் படித்துவிட்டு கவனக்குறைவு என்று சிலர் எழுதுகிறார்கள். அறுப்பை ஒருநாள் தள்ளிப்போட முடியாத வீட்டில் வேறு என்ன செய்வார்கள் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

செவ்வந்தி_செவிலி:
எங்கள் கிராமத்தில் நாற்று நடவின்போது வரப்பு வேப்பமரத்தில் புடவைத் தொட்டில் கட்டியிருப்பார்கள். என் அம்மா என்னையும் அப்படித்தான் வளர்த்தார்.

நல்லூரான்:
சுவடி தம்பி, தாத்தாவுக்கு மண்சட்டியில் சோறு போட்ட கதை மாதிரி அங்கே ஏதும் இருந்ததா? பேரன் சட்டியை எடுத்து ஒளித்து வைத்து, "நாளைக்கு அப்பாவுக்கு வேணும்" என்பானே.

சுவடிவாசகன்:
அச்சு அசலாக இருக்கிறது அண்ணை. 1303-ல் லிங்கன்ஷயர் துறவி ஒருவர் சாதாரண மக்களுக்குப் புரிகிற ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய செய்யுளில் வருகிறது. எல்லாவற்றையும் மகனுக்குக் கொடுத்துவிட்ட கிழவர் குளிரில் நடுங்கிப் போர்வை கேட்கிறார். மகன் தன் பையனிடம் ஒரு சாக்கை இரண்டாக மடித்துத் தாத்தாவுக்குப் போர்த்தச் சொல்கிறான். பையன் சாக்கைக் கிழித்துப் பாதியைத் தாத்தாவுக்குப் போர்த்திவிட்டு, மீதிப் பாதியை அப்பாவுக்கு என்று எடுத்து வைக்கிறான். நமக்குச் சட்டி, அவர்களுக்குச் சாக்கு. அவர்களுக்குப் பெரிய பயம் குளிர்.

மலர்விழி:
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். போன ஞாயிறு இந்த இழையில் இருந்த ஆக்னஸ் அம்மா கதையை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். மூன்று புதிய கதவு வந்ததும் அம்மா சிரித்துவிட்டார். தம்பியே, "உனக்கு என்ன வேணும், சொல்லும்மா" என்று கேட்டான். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

இன்று பத்திர எழுத்தரிடம் போய்வந்தோம். அம்மா ஆயுள்வரை அதே வீட்டில் இருக்க உரிமை, மருத்துவச் செலவு, மாசம் ஒரு தொகை, இதெல்லாம் வழக்காடி ஐயா சொன்னபடி நிபந்தனையாகவே எழுதியாகிவிட்டது. கூட இரண்டு வரி அம்மா கேட்டது. பின்கட்டில் தனி அடுப்பு வைத்துக்கொள்ளலாம். கிணற்றடி முருங்கை மரம் அவருடையது. எழுத்தர், "மரத்தையெல்லாம் பத்திரத்தில் எழுத வேண்டுமாம்மா" என்று கேட்டார். தம்பிதான், "எழுதுங்க சார்" என்றான்.